பாலைக்கும் விடியற்காலை உண்டு

சித்தி மகன் டல்லாஸில் இருக்கிறான். அடுத்த மாதம் சித்தி ஊரிலிருந்து வருகிறார். அவருக்கு இதுதான் முதல் அமெரிக்கப் பயணம். பயணத் திட்டத்தைப் போனில் சொன்னான். "வேகாஸ்ல மூணு ராத்திரி, ஸ்ட்ரிப்லயே ரூம் போட்டாச்சுக்கா. ஒரு நாள் கிராண்ட் கேன்யன் பஸ். இன்னொரு நாள் ஹூவர் டேம், அப்படியே அந்தச் சிவப்புப் பாறை. முடிஞ்சது."

ஒரு மோட்டார்ஹோம், அதாவது கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளே இருக்கும் வண்டி, வாடகைக்கு எடு என்றேன். சிரித்தான். "அதெல்லாம் ரிட்டயர் ஆன வெள்ளைக்காரங்க சமாச்சாரம்க்கா. ஹோட்டலை விடச் செலவு கூட. அந்த லாரியை எவன் ஓட்டுறது? அம்மாவுக்கு முட்டி வலி வேற. பாலைவனத்துல அப்படி என்ன இருக்கு? பகல்ல போய்ப் பார்த்துட்டு ராத்திரி ரூமுக்கு வந்துட வேண்டியதுதான்."

அவன் ஒருவன் மட்டும் இப்படி நினைத்தால் போனோடு விட்டிருப்பேன். அமெரிக்காவில் இருக்கும் நம் குடும்பங்களில் பாதிக்குமேல் இதே திட்டத்தைத்தான் கைமாற்றிக்கொள்கின்றன. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் வேகாஸ், வேகாஸ் போனால் ஸ்ட்ரிப் என்ற ஹோட்டல் தெருவில் அறை, நடுவில் ஒரு பகல் பாலைவனம். ஆறு வருடத்துக்கு முன் நானும் இதையே செய்தேன். தவறு செய்தவள் என்ற உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

அப்பா கோவில்பட்டிக்காரர். மானாவாரி நிலத்தில் பருத்தியும் உளுந்தும் போட்டவர். வானத்தைப் பார்த்தே ஐம்பது வருடம் ஓட்டியவருக்கு அமெரிக்காவில் எதைக் காட்டுவது என்று யோசித்து, வறண்ட நிலத்தையே காட்டுவோம் என்றுதான் கூட்டிப்போனேன். வேகாஸிலிருந்து கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பு 280 மைல் இருக்கும். விடியுமுன் பஸ் ஏறினோம். போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். மூன்று மணி நேரம் கொடுத்தார்கள். திரும்பி அறைக்கு வர இரவு பத்து. லிஃப்டில் ஏறும்போது எப்படிப்பா இருந்தது என்று கேட்டேன். "காலண்டர்ல பார்த்த மாதிரியே இருக்கு தாயி" என்றார். அவர் குறை சொல்லவில்லை, பாராட்டாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அன்று இரவு தூக்கம் வரவில்லை. அத்தனை தூரம் கூட்டிப்போய் ஒரு காலண்டரைக் காட்டியிருக்கிறேன்.

பகலில் போய்ப் பார்த்துவிட்டு ராத்திரி திரும்பிவிடலாம் என்று தம்பி சொன்னானே, மொத்தத் தவறும் அந்த ஒரு வாக்கியத்துக்குள்தான் இருக்கிறது. வேகாஸைச் சுற்றிக் கிடப்பது மொஹாவி பாலைவனம். அங்கே காலை பத்து மணியிலிருந்து மாலை நான்கு வரை பார்க்க அநேகமாக ஒன்றுமே இல்லை என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். உச்சியில் நிற்கும் வெயில் பாறையின் மேடு பள்ளத்தையெல்லாம் அழித்துத் தட்டையாக்கிவிடும். சிவப்பு வெளிறிப் பழுப்பாகும். உயிர் என்று சொல்லிக்கொள்ள ஏதாவது இருந்தால் அது மண்ணுக்குக் கீழே இருக்கும். மொஹாவி ஆமை தன் ஆயுளில் பெரும்பகுதியை வளைக்குள்ளேயே கழிக்கிறது. கங்காரு எலி என்று ஒன்று, தண்ணீரே குடிக்காமல் தான் தின்னும் விதையிலிருந்தே ஈரத்தை எடுத்துக்கொண்டு வாழும். பகலெல்லாம் வளைக்குள் முடங்கிக் கிடந்துவிட்டு இருட்டிய பிறகுதான் வெளியே வரும்.  அந்த மண்ணில் பிறந்தவற்றில் பெரும்பாலானவை நண்பகலில் வெளியே நடமாடுவதில்லை. நாம் மட்டும் அந்த நேரம் பார்த்துப் போய் இறங்கி, இங்கே என்ன இருக்கிறது என்று கேட்கிறோம்.

ஹோட்டலில் தங்கிக்கொண்டே விடிகாலையில் கிளம்பினால் போதாதா என்று கேட்கலாம். கிளம்ப முடியாது என்பதுதான் நடைமுறை. வேகாஸ் இரவில் விழித்திருக்கும் ஊர். நீரூற்று நடனம் பார்த்து, ஒவ்வொரு ஹோட்டல் முகப்பாகச் சுற்றி, சாப்பிட்டுப் படுக்க நள்ளிரவு தாண்டிவிடும். வயதானவர்களைக் குளிக்க வைத்து, காலைச் சாப்பாடு முடித்து, பெரிய ஹோட்டலின் பார்க்கிங் அடுக்கிலிருந்து வண்டியை வெளியே எடுக்கும்போது பத்தாகிவிடும். அந்த ஊரின் நேரமும் பாலைவனத்தின் நேரமும் ஒன்றுக்கொன்று நேர் எதிர். ஒரே நாளில் இரண்டையும் பிடிக்க நினைப்பவர்கள் ஊரைப் பிடித்துப் பாலைவனத்தை விட்டுவிடுகிறார்கள்.

இன்னொன்றும் உண்டு, இது பலருக்குத் தெரிவதில்லை. வேகாஸுக்கு வடகிழக்கே ஐம்பது மைல் தொலைவில் இருக்கிற வேலி ஆஃப் ஃபயர், நெவாடாவின் மிகப் பழைய மாநிலப் பூங்கா. பகல் நேரப் பயணிகளுக்கு அது சூரிய உதயத்திலிருந்து அஸ்தமனம் வரைதான் திறந்திருக்கும். இருட்டுவதற்குள் வெளியேறிவிட வேண்டும். உள்ளே முகாமில் இடம் பிடித்தவர்கள் மட்டும் இருக்கலாம். அங்கே இரவையும் விடியலையும் முழுதாகப் பார்க்க வேறு வழியே இல்லை. அறையில் தங்குகிறவர் எத்தனை லட்சம் கொடுத்தாலும் அந்த நேரம் அவருக்குக் கிடைக்காது.

தமிழ் படித்தவர்கள் இந்த இடத்தில் என்னை மடக்கலாம். பாலைத் திணைக்குச் சிறுபொழுது நண்பகல் என்று தொல்காப்பியமே சொல்லியிருக்கிறதே, நண்பகலில் போனால் என்ன குறை என்று. பாட்டில் பாலையின் உரிப்பொருள் பிரிவு. பொருள் தேடிப் போகிறவன் வேகிற வேக்காட்டைச் சொல்வதற்கும், அவனை நினைத்து வீட்டில் இருப்பவள் படும் பாட்டைச் சொல்வதற்கும் நண்பகல் தேவைப்பட்டது. அது துன்பத்துக்குக் குறித்த பொழுது. அம்மா அப்பாவைக் கூட்டிப்போகிறவர்கள் அந்தப் பொழுதை ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும்? அதே தொல்காப்பியம் பாலைக்கு வேனிலோடு பின்பனியையும் உரியதாகச் சொல்கிறது. பின்பனி என்றால் மாசி, பங்குனி. பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை. மொஹாவிக்குப் போக அதைவிட நல்ல பருவம் கிடையாது. மழை வாய்த்த ஆண்டுகளில் அந்த மாதங்களில்தான் டெத் வேலி பூத்துக் கிடக்கும். 2005இலும் 2016இலும் அப்படிப் பூத்தது.

இரண்டாம் முறை ஒரு மாசியில் போனோம். வேகாஸிலேயே 25 அடி மோட்டார்ஹோம் எடுத்தேன். முதல் இரவு வேலி ஆஃப் ஃபயரில். அந்தப் பாறையெல்லாம் 15 கோடி ஆண்டுக்கு முன் மணல் மேடாக இருந்து இறுகியது. இரும்புத் துரு ஏறித்தான் அந்தச் சிவப்பு. இதை அப்பாவிடம் முதல் நாள் மாலை சொன்னேன், தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். காட்டியது நான் இல்லை, மறுநாள் விடியற்காலை.

ஐந்தரை மணிக்கு அம்மா எழுந்து அடுப்பைப் பற்றவைத்தார். மூன்று பர்னர் உள்ள சின்ன கேஸ் அடுப்பு. முந்தின இரவே பில்டரில் டிகாக்ஷன் இறக்கி வைத்திருந்தார். பால் பொங்கும் சத்தம்தான் அந்தப் பள்ளத்தாக்கில் அப்போது கேட்ட ஒரே சத்தம். டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு கதவைத் திறந்தோம். பாறை கரியாக இருந்தது. சிவப்பு என்பதே இல்லை. கிழக்கே வெளுக்க வெளுக்க முதலில் ஊதாவாக ஒரு பூச்சு. பிறகு உச்சியில் மட்டும், ஒரு முழம் அகலத்துக்கு, அடுப்புக்கங்கு மாதிரி ஒரு கோடு. அந்தக் கோடு இறங்கி வருவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அது இறங்கும்போது பாறையில் இருந்த ஒவ்வொரு குழியும் தன் நிழலோடு எழுந்து நின்றது. அம்மா காபியைக் குடிக்க மறந்து நின்றார். அப்பா படியிறங்கி, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தரையைத் தடவினார். "இது மணலு இல்ல தாயி. பாறை உதுந்து விழுந்த பொடி. பாறைதான் மணலாவும், மணல்தான் பாறையாவும் போல" என்றார். முந்தின நாள் நான் சொன்ன 15 கோடி ஆண்டை அவர் விரல் நுனியில் கண்டுபிடித்துக்கொண்டார்.

அப்புறம் எழுந்து, ஓங்கி வளராத அந்தக் கிரியோசோட் புதர்களையே வெகுநேரம் பார்த்தார். "எவனோ கயிறு பிடிச்சு அளந்து நட்ட மாதிரி இருக்கே" என்றார். இருக்கிற கொஞ்ச ஈரத்துக்கு வேர்கள் போட்டி போடுவதால் ஒரு செடிக்கும் அடுத்த செடிக்கும் நடுவில் அப்படி இடைவெளி விழுகிறது. மானாவாரிக்காரருக்கு அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. முதல் பயணத்தில் பஸ் ஜன்னல் வழியாக இதே புதரை நூற்றுக்கணக்கான மைல் பார்த்தவர்தான் அவர். அப்போது ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பூங்காவுக்குள் மவுஸஸ் டேங்க் என்று ஓர் இடம் உண்டு. பாறை நடுவில் மழைத்தண்ணீர் தங்கும் பள்ளம். நம் மொழியில் சுனை. 1890களில் பையூட் பழங்குடியைச் சேர்ந்த ஒருவன் தேடப்பட்டபோது அங்கே ஒளிந்திருந்தானாம், அவன் பேர்தான் மவுஸ். அங்கே போகும் வழிநெடுக இருபக்கப் பாறையிலும் பழங்குடிகள் கொத்திவைத்த உருவங்கள். ஆட்டுக்கிடா, மனிதர், சுருள். காலைச் சாய்வெயிலில் ஒவ்வொரு கொத்தும் தெளிவாகத் தெரிந்தது. நாங்கள் திரும்பும்போது வேகாஸிலிருந்து முதல் கார்கள் வந்துகொண்டிருந்தன. மணி பத்தரை.

செலவு விஷயத்துக்கு வருகிறேன். மோட்டார்ஹோம் எடுத்தால் மிச்சம் என்று சொல்கிறவர்களும் உண்டு. அவர்களையும் நம்ப வேண்டாம். நாள் வாடகை, மைலுக்கு இவ்வளவு, ஜெனரேட்டர் ஓடினால் மணிக்கு இவ்வளவு, காப்பீடு, பாத்திரம் படுக்கைக்குத் தனி, சுத்தம் செய்யாமல் திருப்பினால் அதற்கும் தனி. ஒரு காலனுக்கு எட்டிலிருந்து பத்து மைல்தான் கொடுக்கும். எதிர்ப்பக்கத்துக் கணக்கையும் நேர்மையாகப் போடுவோம். ஸ்ட்ரிப் ஹோட்டல்கள் வாரநாளில் மலிவு என்பது உண்மை. அந்த வாடகையோடு ரிசார்ட் கட்டணம் சேரும், பல இடங்களில் ஓர் இரவுக்கு 40 டாலருக்கு மேல். பார்க்கிங்குக்குக் காசு. நான்கு பேர் என்றால் இரண்டு அறை, இரண்டு ரிசார்ட் கட்டணம். வாடகைக் கார். மூன்று வேளையும் வெளிச்சாப்பாடு, அதிலும் சைவக்காரர்களுக்கு ஊரெல்லாம் தேடல். இவ்வளவையும் கூட்டினால் வித்தியாசம் தம்பி பயப்படும் அளவுக்கு இருக்காது, ஆனாலும் மோட்டார்ஹோம்தான் கொஞ்சம் அதிகம் வரும். வரட்டும். கூடுதலாகக் கொடுக்கும் அந்தப் பணத்துக்கு விடியலில் இரண்டு மணி நேரமும் அந்தியில் இரண்டு மணி நேரமும் வாங்குகிறோம். இந்தியாவிலிருந்து இரண்டு பேருக்கு விமான டிக்கெட் எடுத்த பிறகு, அந்த நான்கு மணி நேரத்தில் போய் மிச்சம் பிடிப்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. பணம் குறைவானவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நெவாடாவின் நிலத்தில் சுமார் 80 சதவீதம் மத்திய அரசுடையது. அதில் பெரும்பகுதி நில மேலாண்மைத் துறையின் கையில் இருக்கிறது. அந்த நிலத்தில், தடை போடாத இடங்களில், 14 நாள் வரை காசில்லாமல் வண்டியை நிறுத்தித் தங்கலாம்.

ஓட்டுவது பற்றிய பயத்தில் பாதி நியாயம். சாதாரண கார் லைசென்ஸே போதும். முதல் நாள் கைநடுங்கியது, மதியத்துக்குள் பழகிவிட்டது. திரும்பும்போது பின்பக்கம் எதிர்த்திசையில் வீசும், அதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஐ-15 நெடுஞ்சாலையில் பக்கக்காற்று அடிக்கும்போது வேகத்தைக் குறைக்க வேண்டும். உயரம் பன்னிரண்டு அடிக்குக் கிட்டத்தட்ட வரும் என்பதால் அடுக்குப் பார்க்கிங் எதற்குள்ளும் போகாது. டெத் வேலியில் ஆர்ட்டிஸ்ட்ஸ் டிரைவ், டான்டேஸ் வியூ இரண்டுக்கும் 25 அடிக்கு மேற்பட்ட வண்டி போகக்கூடாது. சயான் பூங்காவில் 1930இல் திறந்த சுரங்கப்பாதை இந்த அளவு வண்டிகளுக்காகக் கட்டியதில்லை, அந்தப் பக்கம் போகிறவர்கள் விதியை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும். ஆகவே பெரிய வண்டிக்கு ஆசைப்படாதீர்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை போகவே வேண்டாம். டெத் வேலியில் 2020 ஆகஸ்டில் வெப்பம் 54.4 டிகிரி செல்சியஸைத் தொட்டது. கோடையில் அங்கே வண்டியைக் கொண்டுபோக வாடகை நிறுவனங்கள் பலவும் அனுமதிப்பதே இல்லை. அந்த மாதங்களில் தம்பி சொல்வதே சரி.

என்னை மிகவும் கோபப்படுத்துவது, வயதானவர்களுக்கு இதெல்லாம் சரிப்படாது என்ற பேச்சு. முட்டி வலியை எனக்குக் காரணமாகக் காட்டுகிறார்கள். அம்மாவுக்கும் முட்டி வலி உண்டு. அவரை நான் கூடாரத்தில் படுக்கச் சொல்லவில்லை. பின்பக்கம் நிரந்தரக் கட்டில் இருக்கிறது, அது அவர்களுக்கு. ஓட்டுநர் தலைக்கு மேலே இருக்கும் பரணில் ஏறிப் படுத்தது நானும் என் மகளும். ஏறும் படி உயரம் என்பதால் ஒரு பிளாஸ்டிக் முக்காலி வாங்கிப் போட்டேன், அதற்குமேல் பிரச்சினை எழவில்லை.

முதல் பயணத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பஸ்ஸில் அம்மா கையில் தண்ணீர் பாட்டிலை வைத்திருந்தார். காலையில் கொடுத்த பாட்டில் சாயங்காலமும் அதே அளவில் இருந்தது. மூடியைக்கூடத் திருகவில்லை. நம் வீடுகளில் பெண்கள் பயணம் கிளம்பினால் செய்வதுதான் இது. பாத்ரூம் எங்கே வரும், எப்படி இருக்கும், யாரிடம் சொல்லி வண்டியை நிறுத்துவது என்று யோசித்துத் தண்ணீரையே தொடுவதில்லை. கோவில்பட்டியிலிருந்து மதுரைக்குப் போகும்போது பழகிய பழக்கம், நெவாடாவுக்கும் கூடவே வந்தது. அறைக்குத் திரும்பியதும் தலைவலி தாங்காமல் வாந்தி எடுத்தார். பாலைவனக் காற்று வியர்வையை வெளியே தெரியவிடாமலே உடம்பு ஈரத்தை உறிஞ்சிவிடும். தாகம் தெரியும்போது காலம் கடந்திருக்கும். தண்ணீர் குடித்தே ஆகவேண்டிய நிலத்துக்கு, தண்ணீர் குடிக்க முடியாத ஒரு வண்டியில் அம்மாவை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன்.

இரண்டாம் பயணத்தில் பாரம்ப் என்ற ஊரைத் தாண்டி டெத் வேலிக்குப் போகும் அறுபது மைலில் அம்மா இரண்டு முறை வண்டியை ஓரம் கட்டச் சொன்னார். நான்கு அடி நடந்தால் கதவு, தாழ்ப்பாள், சுத்தமான கழிப்பறை. யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டாம். அன்று சாயங்காலத்துக்குள் அவர் மூன்று பாட்டில் தண்ணீர் குடித்திருந்தார். அப்பாவுக்கும் அந்த வயதுக்குரிய தொந்தரவு உண்டு, அவரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார். முதியவர்களுக்கு மோட்டார்ஹோம் சரிப்படாது என்கிறவர்கள் முதியவர்களிடம் கேட்டுவிட்டுச் சொல்லவில்லை.

எல்லாம் சுகமாக நடந்ததாகவும் நான் சொல்லவில்லை. வண்டி கொடுத்த நிறுவனம் புரொப்பேன் தொட்டியை முழுதாக நிரப்பாமல் கொடுத்துவிட்டது, நானும் முள்ளைச் சரிபார்க்காமல் எடுத்துவந்துவிட்டேன். இரண்டாம் இரவு மூன்று மணிக்கு ஹீட்டர் நின்றுபோனது. பாலைவனம் பகலில் சேர்த்த சூட்டை இரவில் ஒரு சொட்டுவிடாமல் விட்டுவிடும். இருந்த கம்பளி எல்லாவற்றையும் அப்பா அம்மா மேல் போர்த்திவிட்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். வண்டியை எடுக்கும்போதே புரொப்பேன் முள், பேட்டரி, டயர் மூன்றையும் நீங்களே பார்த்துவிடுங்கள்.

மறுப்புகளிலேயே நான் மதிக்கும் மறுப்பு என் மகளிடமிருந்து வந்தது. அவளுக்குப் பதினாறு வயது. இவ்வளவு பெட்ரோல் குடிக்கும் வண்டியில் இயற்கையைப் பார்க்கப் போவது சரியா அம்மா என்று கேட்டாள். சரிதான் என்று ஒரே வார்த்தையில் என்னால் சொல்ல முடியவில்லை. ஹோட்டலில் தங்குகிறவர்கள் தினமும் நூறு, இருநூறு மைல் போய்த் திரும்புகிறார்கள், நாங்கள் போன இடத்திலேயே நின்றோம் என்று ஒரு பதில் உண்டு. அதைவைத்துக் கணக்கு சமமாகிவிட்டது என்று சொன்னால் பொய். தண்ணீர் விஷயத்தில் மட்டும் அந்த வண்டி எங்களுக்கு ஒன்றைச் சொல்லிக்கொடுத்தது. எங்கள் வண்டியின் நல்லதண்ணீர்த் தொட்டி சுமார் 150 லிட்டர். சுவரில் ஒரு பலகை. பொத்தானை அழுத்தினால் தொட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று விளக்கு எரியும். முழுசு, மூன்றில் இரண்டு, மூன்றில் ஒன்று. அம்மா பாத்திரம் கழுவும் முன் ஒருமுறை, கழுவிய பின் ஒருமுறை அதை அழுத்திப் பார்ப்பார். நான்கு பேர் இரண்டு நாள் அந்தத் தண்ணீரில் ஓட்டினோம்.

அந்தப் பழக்கத்தோடுதான் மீட் ஏரிக்கரைக்கு வந்து மூன்றாம் இரவு தங்கினோம். ஹூவர் அணை கட்டி 1930களில் நிரம்பிய ஏரி. தெற்கு நெவாடா குடிக்கும் தண்ணீரில் 90 சதவீதம் இங்கிருந்துதான் போகிறது. சுற்றிலும் பழுப்பு மலை, தண்ணீருக்கு மேலே மலையடியில் மட்டும் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளைப் பட்டை. ஒரு காலத்தில் அதுவரை தண்ணீர் நின்றது. 2022 ஜூலையில், ஏரி நிரம்பிய காலத்துக்குப் பிறகு அதுவரை காணாத அளவுக்கு மட்டம் தாழ்ந்தது. அப்பா அந்தப் பட்டையைக் கையைத் தூக்கி அளந்தார். "நம்ம கம்மாய்க் கரையில பழைய தண்ணிமட்டம் தெரியுமே, அதே மாதிரி" என்றார். அம்மா, "அந்தப் பட்டன் இங்கே மலைமேல எழுதியிருக்கு" என்றார்.

அங்கேதான் அப்பா வேகாஸைப் பற்றி முதல்முறையாகக் கேட்டார். அவ்வளவு பெரிய ஊர் எதை நம்பி அங்கே வந்தது என்று. லாஸ் வேகாஸ் என்றால் ஸ்பானிஷில் புல்வெளிகள். பாலைவனத்து நடுவில் ஊற்று இருந்ததால் அந்தப் பேர். ரயில்பாதை வந்து 1905 மே மாதம் மனைகளை ஏலம் விட்டார்கள், அதுவே ஊரின் தொடக்கம். ஊற்றை உறிஞ்சி உறிஞ்சி 1962இல் அது நின்றே போனது. இப்போது அநேகமாக இந்த ஏரிதான் எல்லாமும். அந்த ஊர் தண்ணீரை வீணடிக்கிறது என்று பொதுவாகத் திட்டுவார்கள், அதுவும் முழு உண்மை இல்லை. வீட்டுக்குள்ளும் ஹோட்டலுக்குள்ளும் புழங்கிய தண்ணீர் சுத்திகரிக்கப்பட்டு மறுபடி இதே ஏரிக்கு வருகிறது. ஹோட்டல் குளியலை விட வெளியே வளர்க்கும் புல்தான் அங்கே பெரிய இழப்பு. அதனால்தான் 2021இல் அலங்காரப் புல்லுக்கு எதிராக நெவாடா சட்டமே போட்டது. முதல் பயணத்தில் மூன்று இரவு அந்த ஊருக்குள்ளேயே இருந்தோம். இந்தக் கேள்வி ஒருவர் வாயிலும் வரவில்லை.

ஊரைப் பார்க்கவே கூடாது என்று சொல்லவில்லை. கடைசி இரவு ஊருக்குள் மோட்டார்ஹோம்கள் நிறுத்தும் பார்க்கில் வண்டியை மின்சாரத்திலும் தண்ணீரிலும் இணைத்துவிட்டு, பஸ் ஏறி ஸ்ட்ரிப்புக்குப் போனோம். அந்த வண்டியை ஸ்ட்ரிப்புக்குள் கொண்டுபோக நினைப்பது முட்டாள்தனம். ஸ்ட்ரிப்பில் டியூஸ் என்ற பஸ் இரவெல்லாம் ஓடும். நீரூற்று நடனத்தை அம்மா ரசித்துப் பார்த்தார்.

மறக்க முடியாதது அதற்கு முந்தின இரண்டாம் இரவு, ஹீட்டர் நிற்பதற்குச் சில மணி நேரம் முன்பு. டெத் வேலியில், கடல்மட்டத்துக்குக் கீழே, ஃபர்னஸ் கிரீக் பக்கம் முகாம். வானம் கெடாத இடம் என்று 2013இல் சர்வதேச அங்கீகாரம் பெற்ற பூங்கா அது. மடக்கு நாற்காலியை வெளியே போட்டு அப்பா, அம்மா, நான் மூவரும் உட்கார்ந்தோம், மகள் தரையில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டாள். பால்வீதி மலைக்கு மலை நீண்டு கிடந்தது. அப்பா ஒவ்வொன்றாகப் பேர் சொன்னார். ஏர் உழுகிற காலத்தில் விடியுமுன் எழுந்து பார்த்த நட்சத்திரங்கள். ஆறாமீன், சப்தரிஷி. சான் ஹோசேயில் என் வீட்டுக் கொல்லையில் நின்று இவற்றை அவர் ஒருநாளும் காட்டியதில்லை, அங்கே தெரியாது. கிழக்கே மலைமுகட்டுக்குப் பின்னால் மட்டும் வெளிறிய ஒரு வெளிச்சம். "நிலா வருதா தாயி?" என்றார். வேகாஸ்ப்பா என்றேன். நூறு மைல் போல இருக்கும். ஒன்றும் சொல்லாமல் நாற்காலியை மேற்கே பார்க்கத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

நேற்று இரவு தம்பியிடம் மறுபடி பேசினேன். இந்த வாதம் எதையும் எடுக்கவில்லை. சித்தி பயணத்தில் தண்ணீர் குடிப்பாரா என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "கேட்டுச் சொல்றேன்க்கா" என்றான். அந்த அறையை ரத்து செய்ய அவனுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.